வேலும் எண்ணெயும்

புறநானூறு என்றால் வீரம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். அதனால் இன்றும் அந்த நூலை எடுத்தால் கண் வேலையும் யானையையும் தேடிப் போகிறது. ஒரு முறை அவற்றை விட்டுவிட்டு, பாட்டில் வரும் வீட்டுப் பொருள்களை மட்டும் பார்த்துப் படியுங்கள். போர் வாங்கிய விலை அங்கேதான் இருக்கிறது.

முதலில் 112ஆம் பாட்டு. ஐந்தே அடி. மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டு, பாரி இறந்த பிறகு அவன் மகளிர் பாடியது. போன மாத நிலாவையும் இந்த மாத நிலாவையும் அருகருகே வைக்கிறார்கள். உரையை மூடிவிட்டு இரண்டு மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் நிலாவில் அப்பா முன்னால் வருகிறார், குன்று பின்னால் வருகிறது. இரண்டாம் நிலாவில் இந்த வரிசை புரண்டுவிடுகிறது. குன்று பறிபோனதை முதலில் சொல்கிறார்கள். அப்பா இல்லை என்பதைக் கடைசி வரை சொல்ல முடியாமல் தள்ளிப்போடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நடுவில் வேந்தர்களின் வெற்றி முரசு வருகிறது. பாரி எப்படிச் செத்தான் என்பதற்குப் பாட்டில் இடமே இல்லை. இந்த இடமாற்றம் பிடிபட்ட அன்று மேற்கொண்டு ஒரு பாட்டும் என்னால் படிக்க முடியவில்லை.

சில பாட்டுகளுக்கு வேறொரு பாட்டுதான் உரை. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் ஒரே களத்தில் மடிந்ததைக் கழாத்தலையார் 62இல் பாடுகிறார். அவர்களுடைய பெண்டிர் கீரை தின்னவில்லை, குளிர்ந்த நீரில் மூழ்கவில்லை, கணவர் மார்பைத் தழுவி அங்கேயே கிடந்தார்கள் என்கிறார். இங்கே கீரை எதற்கு? ஒக்கூர் மாசாத்தனாரின் 248க்குப் போங்கள். சின்ன வயதில் தழையாடை தந்த வெள்ளாம்பல், கணவன் மறைந்த பின் வேளை தவறி உண்ணும் அரிசியைத் தருகிறது. அவன் போரில் இறந்தானா என்று அந்தப் பாட்டு சொல்லவில்லை. ஆனால் கைம்பெண்ணின் சாப்பாடு எதுவென்று தெரிந்துகொண்டு 62க்குத் திரும்பினால், அந்த ஒரு பிடி கீரை தொண்டையில் அடைக்கும்.

ஒக்கூர் மாசாத்தியாரின் 279 மேடைகளில் அதிகம் முழங்கும் பாட்டு. முன்பு ஒரு போரில் பிறந்த வீட்டு ஆண் போனான், நேற்றுக் கணவன் போனான். இன்று போர்ப்பறை கேட்டதும் ஒரே மகனை அனுப்புகிறாள் ஒருத்தி. புலவர் அவள் துணிவை வியக்கிறார், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வேலைக் கையில் கொடுப்பதோடு அவள் செய்யும் மற்றவற்றையும் பாருங்கள். பரட்டைத் தலைக்கு எண்ணெய் தடவுகிறாள். வெள்ளைத் துணி உடுத்திவிடுகிறாள். தாய் தலைவாரி அனுப்பும் வயதுதான் அவனுக்கு. மேடையில் இந்த எண்ணெயைச் சொல்லி யாரும் குரல் உயர்த்துவதில்லை.

பாட்டின் கீழே உள்ள குறிப்பையும் தவறவிடாதீர்கள். ஆனால் கடைசியாகப் படியுங்கள். 46இல் கோவூர் கிழார் கிள்ளிவளவனிடம் பேசுகிறார். எதிரில் சில சிறுவர்கள். யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டார்கள், முன்பின் தெரியாத மன்றத்தைப் பார்த்துத்தான் மிரளுகிறார்கள். கொல்லாதே என்ற சொல் பாட்டில் எங்கும் இல்லை. நான் சொன்னதைக் கேட்டாய், இனி உன் விருப்பம் என்பதோடு புலவர் நிறுத்திக்கொள்கிறார். அதன் பிறகு குறிப்புக்கு வாருங்கள். கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப் போன நேரத்தில் பாடியது அது. பிள்ளைகள் பிழைத்தார்கள்.