எண்ணெயும் வயிற்றுத் தழும்பும்

கர்ப்பிணியின் வயிறு மேடிடத் தொடங்கியதும் தாயோ மாமியோ நல்லெண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ இளஞ்சூடாக்கி அவளுடைய வயிற்றிலும் இடுப்பிலும் பூசிவிடுவதும், “சொறியாதை பிள்ளை, சொறிஞ்சால் கோடு விழும்” என்று எச்சரிப்பதும் யாழ்ப்பாணத்து வீடுகளில் நெடுங்காலச் சம்பிரதாயம். இச்சம்பிரதாயத்தில் பரிவும் உண்டு, எண்ணெய் பூசினால் கோடுகோடான தழும்பு விழாது என்னும் பிழையான ஒரு காரணமும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாமல் முழுவதையும் போற்றுவோரும் முழுவதையும் மூடநம்பிக்கை என்று தள்ளுவோரும் ஒரே தவறையே செய்கின்றனர்.

தழும்பு தோலின் மேற்பரப்பில் உண்டாவதன்று. கர்ப்பகால ஹோர்மோன்களின் மாற்றத்தாலும் தோல் விரைந்து விரிவதாலும் உள்ளடுக்கிலுள்ள கொலாஜன், எலாஸ்டின் என்னும் நார்கள் சிதைவதே அதன் காரணமாகையால், மேலே பூசும் எண்ணெய் அங்கே எட்டித் தடுக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. நகத்தின் கீறலும் அதை உண்டாக்குவதில்லை. தாய்க்கு அத்தகைய தழும்பு இருந்தமை, இளவயதுக் கர்ப்பம், மிகுந்த உடற்பருமன், பெரிய குழந்தை ஆகியவையே அதற்கு ஏதுவாகின்றன. 800 பெண்கள் பங்குபற்றிய ஆறு பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கொக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வமைப்பின் மீளாய்வு, பூச்சுகள் தழும்பைத் தடுக்கும் என்பதற்குத் தரமான சான்று இல்லை என 2012 இல் முடிவு கூறிற்று. மேல்நாட்டார் பெரிதும் நம்பிய கோகோ வெண்ணெயும் பரிசோதனைகளில் பயன் காட்டவில்லை என்பதால், நம்முடைய பாட்டிமார் மாத்திரம் ஏமாந்தவர்கள் அல்லர்.

நாம் சம்பலாக அரைத்துண்ணும் வல்லாரையின் சத்துச் சேர்ந்த ஒரு கிறீம் தழும்பைக் குறைத்ததாக 1991 இல் வெளிவந்த ஒரு சிறு பரிசோதனை கூறியதுண்டு. ஆயினும் அது பல பொருள்கள் கலந்த பூச்சாகையால், பெருமையை வல்லாரைக்கே அளிப்பது நியாயமன்று. சம்பலுக்கு அளிப்பது அதனினும் அவசரம்.

எனினும் எண்ணெய் வீண் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வறண்டு இழுபடும் தோலின் அரிப்பை அது தணிக்கிறது. நாள் முழுதும் வேலை செய்து களைத்த பெண்ணுக்கு வேறொருவர் கையால் கிடைக்கும் உபசாரம் அற்பமானதன்று. குற்றம், அந்த உபசாரத்தின்மேல் ஏற்றப்பட்ட வாக்குறுதியில் இருக்கிறது. பரம்பரையால் வந்த தழும்புக்கு, “ஒழுங்காய் எண்ணெய் பூசியிருந்தால் இப்படி வந்திராது” என்று அவளே பொறுப்பாளியாக்கப்படுகிறாள். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் விலையுயர்ந்த போத்தல்களும் இதே குற்ற உணர்ச்சியையே அழகிய தாளில் சுற்றி விற்கின்றன.

ஊதாவும் சிவப்புமான கோடுகள் பிரசவத்தின் பின் மாதக்கணக்கில் வெளிறி மங்கும். முற்றாக மறைவது அரிது. லேசர்ச் சிகிச்சை அவற்றை ஓரளவு மங்கச் செய்யும். ரெட்டினோயிக் அமிலப் பூச்சும் அத்தகையதே, ஆனால் கர்ப்ப காலத்தில் அதனைத் தொடலாகாது. கிளினிக்கில் நிறையைக் கவனித்து அளவாக ஏறவிடுவது தழும்புக்கு உறுதியான காப்பு அன்றெனினும், வேறு பல காரணங்களுக்காகச் செய்யத்தக்கதே.

இவற்றினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. எல்லா அரிப்பையும் தோல் விரிவதால் வந்ததென்று எண்ணி எண்ணெயால் அடக்க முயலும் வீட்டில், கடைசி மாதங்களில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எழுந்து இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் அரிப்புக்கும் அதே எண்ணெய்க் கிண்ணமே வருகிறது. அது ஈரலிலிருந்து பித்தநீர் சரிவர வடியாமையால் வருவதாக இருக்கலாம். வயிற்றிலுள்ள சிசுவுக்கும் ஆபத்து விளைக்கக்கூடும். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் அன்றே சொல்லி, இரத்தப் பரிசோதனைக்கு ஆசுபத்திரி செல்லவேண்டிய அரிப்பு அது.