பூதங்களின் பிறப்புச் சான்றிதழ்

மாயக்கதை நாவல் எழுதிவரும் நண்பர் ஒருவர் முதல் அத்தியாயத்தைப் படிக்கத் தந்தார். தெய்வம் களிமண்ணில் மனிதனைப் பிசைந்து முடித்தபின், விரலில் ஒட்டிய மிச்சத்தைச் சதுப்பில் உதறுகிறது. அதிலிருந்து குட்டிப்பூதங்கள் பிறக்கின்றன. மிச்சத்தில் பிறந்ததால் அவற்றுக்கு மனிதன்மேல் தீராப் பகை. கற்பனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: அடுத்த அத்தியாயங்களில் இவை வெட்டப்படப் போகின்றன, அதற்கான அனுமதிச் சீட்டே இந்தப் புராணம்.

இவ்வகை எழுத்தின் முன்னோடியான டோல்கீனும் இங்கேதான் இடறினார். 1937ல் வந்த ‘ஹாபிட்’டில் காப்ளின்கள் மலைக்குள்ளிருந்து சும்மா வந்துவிடுகின்றன, பிறப்பை யாரும் கேட்பதில்லை. பிறகு எழுதிய பெரிய நாவலில் அவையே ஓர்க்குகளாகி ஆயிரக்கணக்கில் மடிகின்றன. தீமையால் எதையும் படைக்க முடியாது, இருப்பதைக் குலைக்கத்தான் முடியும் என்பது கத்தோலிக்கரான அவருடைய நம்பிக்கை. அப்படியானால் இவை எதைக் குலைத்து வந்தவை? 1973ல் அவர் இறந்தபின் மகன் தொகுத்து 1977ல் வெளியிட்ட ‘சில்மரிலியன்’, சிறைப்பட்ட எல்ஃப்களைச் சிதைத்து உண்டாக்கியவை என்கிறது. பிற்காலக் குறிப்புகளிலோ மனிதரிலிருந்து வந்தவை, வெறும் விலங்குகள் என்று மாறிமாறி அலைகிறார். இதை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். பிறப்பைச் சொன்னால் ஆன்மா வந்துவிடுகிறது. ஆன்மா வந்துவிட்டால் வெட்டுவது கொலை. அந்த நெருடலை அவர் கடைசிவரை மறைக்கவில்லை.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும்போதெல்லாம் மகிஷமர்த்தினி குகையில் சிறிது நேரம் நிற்பது என் வழக்கம். சிங்கத்தின்மேல் வில்லுடன் துர்க்கை. அவளைச் சுற்றிக் கத்தியும் கேடயமுமாகக் குட்டைப் பூதகணங்கள். எதிரே எருமைத்தலை மகிஷனும் அவன் ஆட்களும், அளவான மனித உடலோடு. தொந்தியும் குள்ளமும் இங்கே தேவியின் பக்கம். அவலட்சணத்தையும் தீமையையும் பல்லவச் சிற்பி ஒன்றாக்கவில்லை.

இதே விஷயம் கலிங்கத்துப்பரணியில் இன்னும் கூர்மையாகிறது. முதற் குலோத்துங்கனுக்கு ஜெயங்கொண்டார் ‘இராச பாரம்பரியம்’, ‘அவதாரம்’ என்று இரண்டு பகுதிகள் ஒதுக்குகிறார். பேய்களுக்குக் கிடைப்பது ‘பேய் முறைப்பாடு’. பசிக்கிறது என்ற புகார். அரசனுக்கு வம்சம், பேய்க்கு வயிறு. ஆனால் அந்த வம்சத்தைக் காளிக்குச் சொல்வதே இமயத்திலிருந்து திரும்பிய ஒரு முதுபேய்தான். போரைச் சொல்வது ஒரு கூளி. பூர்வீகமில்லாதவற்றின் வாயில்தான் ராஜாவின் பூர்வீகம் இருக்கிறது. பேய்ப்பசிக்குக் கலிங்கப் பிணங்கள் என்பதும் போருக்குச் சொல்லும் ஒரு சமாதானம்தான். அதையும் பார்க்க வேண்டும். என்றாலும் பேய்கள் அங்கே வெட்டுப்படுவதற்காக வரவில்லை. கூழ் காய்ச்சிக் குடிக்க வருகின்றன. காரைக்கால் அம்மையாரோ தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்டார். அவருக்குப் பேய் என்பது பிறவி அல்ல, விரும்பி அடைந்த நிலை.

இது வெறும் இலக்கிய விவகாரம் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1871ல் வெள்ளை அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில ஜனங்கள் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்றது. இந்தியா முழுவதும் அது ஒழிய 1952 ஆயிற்று. அதுவும் ஒரு தோற்றப் புராணம்தான். எழுதியவன் கவி அல்ல, குமாஸ்தா.

நானும் குமாஸ்தாதான். கவுண்ட்டரில் ‘தகப்பனார் பெயர்’ கட்டம் காலியாக இருந்தால் படிவத்தைத் திருப்பித் தருகிறவன். போன மாதம் ஒரு கிழவர் அப்படித் திருப்பித் தந்த படிவத்தை வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் அத்தியாயத்தை எடுத்துவிடும்படி நண்பருக்கு எழுதியிருக்கிறேன். பூதங்கள் பசியோடு வரட்டும். எங்கிருந்து வந்தன என்று அவையே சொல்லட்டும், சொல்ல விரும்பினால்.