ஆயிலும் 0.1 மில்லிமீட்டரும்

போர்ஷே 911-இன் எஞ்சினை 1998 வரை குளிர்வித்தது காற்றும் ஆயிலும்தான். அதனால் அந்தப் பழைய வண்டிக்கு ஆயில்தான் உயிர். அளவு பார்ப்பதே ஒரு கலை: எஞ்சின் நன்றாகச் சூடேறி, சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுகோலை உருவ வேண்டும். ஆயில் தனித் தொட்டியில் இருப்பதால், அணைத்துவிட்டுப் பார்த்தால் கணக்கு தப்பும்.

வால்வு இடைவெளியைச் சரிபார்க்கவோ எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். எண்பதுகளின் வண்டிகளில் 0.1 மில்லிமீட்டர். மெல்லிய தகட்டைச் செருகி இழுத்தால் லேசாகப் பிடித்து வழுக்கிவர வேண்டும். அந்தப் பிடிமானம் விரலுக்குத்தான் தெரியும். 12 வால்வுக்கும் இதே பொறுமை. எவ்வளவு அழகான வேலை!

வண்டியை மாற்றியமைக்க நினைப்பவர்கள் முதலில் குதிரைத்திறனைத் தேடுவார்கள். நல்ல டயரும் புது பிரேக் ஆயிலும் போடுங்கள் என்பேன். 1966-இல் வந்த ஃபுக்ஸ் சக்கரங்களை மட்டும் கழற்றிவிடாதீர்கள்; அந்த உடலுக்கு அவற்றைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை.