அமுக்குனது யாரு?

எங்கள் தெரு இரவுப் பள்ளியில் ஒரு பையன் கேட்டான்: "அண்ணே, 'டிப்ரஸ்டு'ன்னாலும் ஒடுக்கப்பட்டவன், 'ஒப்ரஸ்டு'ன்னாலும் ஒடுக்கப்பட்டவனா?" அவன் கையில் ஓர் ஆங்கிலக் கட்டுரையும் அதன் மொழிபெயர்ப்பும் இருந்தன. இரண்டு சொல்லுக்கும் ஒரே தமிழ். எம்.ஏ. தமிழ் படித்த எனக்கும் உடனே பதில் வரவில்லை.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். 'அழுத்து' என்று பொருள்படும் இலத்தீன் சொல். ஆனால் புழக்கம் வேறு. சந்தை மந்தமானாலும் 'டிப்ரஸ்டு', மனசு சோர்ந்தாலும் 'டிப்ரஸ்டு'. அது ஒரு நிலை. தாழ்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான். 'ஒப்ரஸ்டு' என்று சொன்னாலோ, அமுக்குனவன் எவன் என்ற கேள்வியும் கூடவே வந்து நிற்கும். தமிழிலும் இப்படித்தான். 'தாழ்ந்தோர்' தன்வினை, தானே தாழ்ந்தது போல. 'தாழ்த்தப்பட்டோர்' என்றால் தாழ்த்தியவன் ஒருவன் இருக்கிறான்.

வெள்ளை அரசாங்கம் நம்மை 'டிப்ரஸ்டு கிளாஸஸ்' என்றே எழுதியது. அந்தச் சொல் பள்ளத்தைக் காட்டும், தோண்டியவனைக் காட்டாது. 1931இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் கொடுத்த துணை மனுவில், இந்தப் பெயர் இழிவானது, மாற்றுங்கள் என்று அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் கேட்டார்கள். 1935ஆம் ஆண்டுச் சட்டம் 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்' என்றது. பட்டியல் வந்தது, பட்டியலிலும் அமுக்குனவன் பேர் இல்லை.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? தலித் கதைகளுக்கு மதிப்புரை எழுதுகிற நம் விமர்சகர்களையும் பாருங்கள். 'அவலம்', 'சோகம்', 'வேதனை', 'கண்ணீர்' என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். கதையில் தனிக் குவளை வைத்தவன் சாதி என்ன, கூலியைக் குறைத்தவன் யார், சுடுகாட்டுப் பாதையை மறித்தவன் யார் என்பது மட்டும் மதிப்புரையில் வராது. எழுதியவன் 'ஒப்ரஸ்டு' என்று எழுதியதை இவர்கள் 'டிப்ரஸ்டு' என்று வாசிக்கிறார்கள். நம் கோபம் அவர்கள் கையில் சோர்வாகிவிடுகிறது. சோர்வுக்கு ஆறுதல் சொன்னால் போதும். கோபத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் அவர்களுக்குச் சங்கடம்.

பையனிடம் சொன்னேன்: "ரெண்டையும் ஒண்ணா எழுதாதடா. முதல் சொல்லுக்குத் 'தாழ்வுற்ற'ன்னு போடு. ரெண்டாவதுக்கு 'ஒடுக்கப்பட்ட'ன்னு போடு. ஆனா அதோட நிறுத்திடாத. 'பட்ட'ன்னு முடிக்கிறப்ப செஞ்சவன் நழுவிடுவான். யாராலன்னு பக்கத்துலயே எழுது."