கட்டிப்போட்ட ஈஸ்ட்: வேகமா, சிக்கனமா?

சுண்ணாம்பு தடவாத கலயத்தில் வடியும் பனஞ்சாறு சில மணி நேரத்தில் நுரைத்துப் புளித்துக் கள்ளாகி விடுவதைத் தென் மாவட்ட வாசகர்கள் நன்கு அறிவார்கள். சாற்றிலுள்ள சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவது ஈஸ்ட் என்னும் ஒருசெல் உயிரியாகும். சாற்றில் தன்போக்கில் மிதக்கும் இந்தச் செல்களை ஓரிடத்தில் கட்டிப்போட்டால், அவை சர்க்கரையை உண்ணும் விதம் மாறுமா?

கட்டிப்போடுவது கடினமன்று. கடற்பாசியிலிருந்து கிடைக்கும் சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் ஈஸ்டைக் கலந்து, அதைக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால், வெந்த ஜவ்வரிசி போன்ற மணிகள் உருவாகும். ஈஸ்ட் அவற்றினுள் சிறைப்படும். நம் மண்டபம் கடற்பகுதியில் சேகரிக்கப்படும் சர்காசம் பாசியே இதற்கு மூலப்பொருள்தான். ஜெலாட்டினும் இதற்குப் பயன்படும். புனே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சிவராமன் குழுவினர், ஜெலாட்டினில் ஈஸ்டை நிலைநிறுத்தித் தொடர்ச்சியாக எத்தில் ஆல்கஹால் பெறும் முறையை 1982இல் வெளியிட்டனர். இத்தகைய கலனில் சர்க்கரைக் கரைசல் ஒரு பக்கம் புகுந்து, ஆல்கஹாலுடன் மறுபக்கம் வெளிவரும். ஈஸ்ட் அடித்துச் செல்லப்படாமல் உள்ளேயே தங்கும்.

இக்கலன்கள் அதிக ஆல்கஹால் தருவதைக் கண்டு, கட்டிப்போட்டால் ஈஸ்ட் சுறுசுறுப்படைகிறது என்று முடிவு கட்டிவிடலாமா? விருதுநகர் மாவட்டத்தில் அர்ச்சுனா நதியின் குறுக்கே அமைந்துள்ள ஆனைக்குட்டம் அணையை எண்ணிப் பாருங்கள். வெளியேறும் நீர் இரு மடங்கானால், ஒவ்வொரு ஷட்டரும் இரு மடங்கு நீரை விடுகிறது என்றா பொருள்? திறந்த ஷட்டர்கள் இரு மடங்காகியிருக்கலாம் அல்லவா? கலனிலும் இப்படித்தான். செல்களை நெருக்கமாக அடைத்து வைத்தாலே ஒரு லிட்டருக்குரிய விளைச்சல் கூடிவிடும். செல்லே மாறியதா என்பதை அறிய, ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்டால் போதாது. ஒரே அளவு செல்களுக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்ட ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது, கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பாலின் டோரன், ஜேம்ஸ் பெய்லி ஆகிய இருவரும் செய்து 1986இல் வெளியிட்டதாகும். அவர்கள் ஈஸ்டை மணிக்குள் புதைக்கவில்லை. ஜெலாட்டினின் மேற்பரப்பில் ஒட்ட வைத்தனர். இது நல்ல உத்தி. மணிக்குள் ஆழத்தில் இருக்கும் செல்லுக்குச் சர்க்கரை ஊடுருவிப் போய்ச் சேரத் தாமதமாகும். மேற்பரப்பில் அந்தத் தடை குறைவு.

முடிவுகள் வியப்பளிப்பவை. மிதக்கும் செல்களோடு ஒப்பிட, ஒட்டிய செல்கள் குளுக்கோஸை இரு மடங்கு வேகத்தில் உட்கொண்டன. ஆல்கஹால் உண்டாகும் வேகம் 40 முதல் 50 சதவீதம் கூடியது. ஆனால் செல்கள் பெருகும் வேகம் 45 சதவீதம் குறைந்தது.

இந்த எண்களை வகுத்துப் பாருங்கள். சர்க்கரைச் செலவு 2 மடங்கு. ஆல்கஹால் வரவு 1.4 முதல் 1.5 மடங்கு. அதாவது, ஒரு கிலோ சர்க்கரைக்குக் கிடைக்கும் ஆல்கஹால், மிதக்கும் ஈஸ்ட் தருவதில் ஏறத்தாழ 70 முதல் 75 சதவீதமே! மீதிச் சர்க்கரை எங்கே போயிற்று? அதில் ஒரு பகுதிக்கு ஆய்வே விடை தருகிறது. ஒட்டிய செல்களில் சேமிப்புச் சர்க்கரைப் பொருள்களும், செல்லின் கட்டமைப்புக்கு உதவும் பாலிசாக்கரைடுகளும் அதிகம் இருந்தன. வேகம் வேறு, சிக்கனம் வேறு. கரும்பாலைக் கழிவுப்பாகை விலை கொடுத்து வாங்கும் ஆலைக்கு இந்த வேறுபாடு இலாப நட்டக் கணக்காகும்.

இவ்வாய்வின் எல்லையையும் கூற வேண்டும். ஜெலாட்டினை இறுக்கப் பயன்பட்ட குளூட்டரால்டிஹைடு, புரதங்களோடு வினைபுரியும் பொருள். எனவே இப்பரப்பில் கண்ட மாற்றத்தை ஆல்ஜினேட் மணிக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஒட்டிக்கொள்வதால் மொட்டு விடுதலும் டி.என்.ஏ. இரட்டித்தலும் குலைந்து, அதனால் இம்மாற்றங்கள் வந்திருக்கலாம் என்று ஆசிரியர்கள் கருதினர். 'இருக்கலாம்' என்ற சொல்லை அவர்களே வைத்திருக்கிறார்கள். அதை எடுத்து வழங்குவோர் அச்சொல்லை விட்டுவிடலாகாது.

பெருக்கமும் சர்க்கரைச் செலவும் பிரியக் கூடும் என்ற கருத்துக்குப் பின்னர் வலுச் சேர்ந்தது. ஃபிராங்க் ரோசன்ஸ்வைக் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆல்ஜினேட்டில் அடைத்து இடைவிடாது உணவூட்டிய ஈஸ்ட், பெருகுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. ஆயினும் இரண்டு வாரங்களுக்கு மேல் உயிரோடிருந்து சர்க்கரையை நொதிக்கச் செய்து வந்தது.

மாணவ நண்பர்களே, நிலைநிறுத்திய ஈஸ்டைப் பற்றி இனி எங்கு படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கணக்கு லிட்டருக்கா, செல்லுக்கா? உண்ட சர்க்கரை முழுவதும் எங்கே போயிற்று? செல்லைக் கட்டிய பொருள் எது? இம்மூன்றுக்கும் விடை தராத கட்டுரை, ஷட்டர்களை எண்ணாமல் வெள்ளத்தை மட்டும் அளந்த கதைதான்.