விலக்கும் இடம்

ஆங்கிலம் படித்த நம் விமர்சகர்கள் தாராளமாகக் கையாளும் தொடர்களில் ஒன்று 'மியூச்சுவலி எக்ஸ்க்ளூஸிவ்'. பள்ளிக் கணக்குப் புத்தகம் இதை 'ஒன்றையொன்று விலக்கும்' என்று சொல்கிறது. தமிழில் குறையில்லை. குழப்பம் பிரயோகத்தில்தான்.

ஒரு பகடையை ஒருமுறை உருட்டினால் இரண்டும் ஐந்தும் சேர்ந்து விழ முடியாது. அவற்றுக்குள் பகை ஏதுமில்லை. நான்கு விழுந்துவிட்டால் இரண்டுமே இல்லை. சேர்ந்திருக்க முடியாது என்பதால், ஒன்று இருந்தே தீரவேண்டும் என்றாகிவிடாது. 1959ல் 'எழுத்து', 1970ல் 'கசடதபற', 1971ல் 'வானம்பாடி' என்று வந்த காலத்திலிருந்து ஓயாத கலையா பிரச்சாரமா வழக்கில் இதை மறந்துவிடுகிறோம். கலையும் பிரச்சாரமும் ஒன்றையொன்று விலக்குபவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 'பிரச்சாரம் இல்லை, ஆகவே கவிதை' என்ற தீர்ப்பு நிற்காது. இரண்டும் அல்லாத வெற்று வரிகள் அநேகம்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. ஒரே பகடை, ஒரே உருட்டல் என்பது நிபந்தனை. இரண்டு பகடைகளை உருட்டினால் இரண்டும் ஐந்தும் தாராளமாகச் சேர்ந்து விழும். ஆகவே விலக்கு எண்களின் குணமல்ல. அவை விழும் இடத்தைப் பொறுத்தது. இடத்தைச் சொல்லாமல் இத்தொடரைச் சொல்வது அர்த்தமற்றது. சமயத்தில் அது தந்திரமாகவும் ஆகிறது.

'தொழில் வளர்ச்சியும் இயற்கையும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல' என்பது இன்று மேடைதோறும் கேட்கும் வாக்கியம். கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய்கண்டிகையில் வைத்து இதைப் பார்க்கலாம். ஊரார் மாடு மேய்த்த, மரங்கள் நின்ற நிலம், ஆயிரம் ஏக்கருக்கு மேல், அவர்கள் எதிர்ப்பை மீறி சிப்காட்டுக்குப் போயிற்று. அங்கே மிஷெலின் டயர் தொழிற்சாலை வந்தது. அதே ஊர்ப் பெயரையும் கண்ணன்கோட்டையின் பெயரையும் தாங்கி, சென்னையின் குடிநீருக்காக அரை டி.எம்.சி. நீர்த்தேக்கம் ஒன்று 2020ல் திறக்கப்பட்டது. வரைபடத்தில் ஆலையும் நீரும் அருகருகே இருக்கின்றன. மாவட்டம் என்ற அளவில் மேடை வாக்கியம் மெய். ஆனால் மாடு மேய்ந்த அந்த ஏக்கரில் அது பொய். அங்கே மேய்ச்சல் இருந்தால் ஆலை இல்லை. ஆலை இருந்தால் மேய்ச்சல் இல்லை. மாவட்டத்துக்குரிய உண்மையை ஏக்கரின் மீது போர்த்தும்போது, இழந்தவன் வாதம் தெரியாதவனாக ஆக்கப்படுகிறான்.

தொல்காப்பியர் இந்த இடத்தில் நம்மைவிடக் கறாராக இருக்கிறார். திணைகள் மயங்கலாம் என்று அனுமதிக்கிறார். ஆனால் நிலத்தோடு நிலம் மயங்குவதில்லை என்று வரம்பு கட்டுகிறார். எது கலக்கும், எது கலக்காது என்று பிரித்துச் சொன்ன பிறகே அவர் மயக்கம் பற்றிப் பேசுகிறார். அவர் பேசியது கவிதையின் நிலத்தை. அந்தக் கறார் உரைநடைக்கும் வேண்டும்.

விலக்குகிறது என்பவரிடமும் விலக்கவில்லை என்பவரிடமும் வாசகன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த இடத்தில்?