மோதாத வாத்தியார்

சண்டைப் படங்களில் வாத்தியாருக்கு வேலை ரொம்பக் குறைவு. ஆரம்பத்தில் ஹீரோவைத் தண்ணீர்க் குடம் சுமக்க வைப்பார். நடுவில் நாலு தத்துவம் சொல்வார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் வில்லன் கையால் செத்துப்போவார். அதோடு அவர் கணக்கு முடிந்தது. மிச்சப் படம் முழுக்க ஹீரோவின் பழிவாங்கும் படலம்.

அந்த வாத்தியாரையே ஹீரோவாக்கினால் என்ன ஆகும் என்று யோசித்தவர் டேவிட் மாமெட். நாடக ஆசிரியர். ‘க்ளென்கேரி க்ளென் ராஸ்’ நாடகத்துக்காக 1984ல் புலிட்சர் பரிசு வாங்கியவர். மோசடிப் பேர்வழிகளைப் பற்றி எழுதுவதில் மன்னன். அவர் எழுதி இயக்கி 2008ல் வெளிவந்த படம் ‘ரெட்பெல்ட்’. வந்த சுவடு தெரியாமல் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. ஆனால் பிரேசிலிய ஜியு-ஜிட்சு பயில்கிறவர்கள் மத்தியில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். மரியாதை நியாயமானதுதான். கேட்கவேண்டிய சில கேள்விகளும் இருக்கின்றன.

முதலில், இந்த ஜியு-ஜிட்சு என்ன சமாசாரம்? மிட்சுயோ மயேதா என்ற ஜப்பானிய ஜூடோ வீரர் 1914ல் பிரேசிலுக்குப் போனார். பெலெம் நகரில் அவரிடமிருந்து கார்லோஸ் கிரேஸி என்ற பையனுக்கு வித்தை போனது. 1925ல் கிரேஸி சகோதரர்கள் ரியோவில் பள்ளி தொடங்கினார்கள். குத்து, உதையை நம்பாத வித்தை. எதிராளியைக் கட்டிப் புரண்டு தரையில் தள்ளி, மூட்டை மடக்கவேண்டும் அல்லது கழுத்தை நெரிக்கவேண்டும். பிடி இறுகிவிட்டால் மாட்டிக்கொண்டவர் கையால் இரண்டு தட்டு தட்டுவார். உடனே விட்டுவிடவேண்டும். இந்தத் தட்டுதான் மொத்த வித்தைக்கும் அஸ்திவாரம். தட்டினால் விடுவார்கள் என்கிற நம்பிக்கை இருப்பதால்தான் தினமும் முழு பலத்தோடு மோதிப் பழக முடிகிறது. குத்துச்சண்டையில் அப்படித் தினமும் மோதினால் மூளை என்னத்துக்கு ஆவது?

படத்துக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலீஸில் சின்னதாக ஒரு பள்ளி நடத்துகிறான் மைக் டெர்ரி. சிவெடெல் எஜியோஃபோர் நடித்திருக்கிறார். ஆசாமிக்குக் கோபமே வராது. குரல்கூட உயராது. போட்டிகளில் கலந்துகொள்ளமாட்டான். போட்டி ஒரு வீரனைப் பலவீனமாக்கிவிடும் என்பது அவன் சித்தாந்தம். ஒரு மழை ராத்திரியில் லாரா என்ற பெண் வக்கீல் பதற்றத்தோடு உள்ளே வருகிறாள். அங்கே பயிற்சியில் இருக்கும் போலீஸ்காரன் ஜோ உதவப் போக, மிரண்டு போனவள் அவன் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறாள். யாருக்கும் அடியில்லை. முன்பக்கக் கண்ணாடி மட்டும் நொறுங்குகிறது. அங்கே பிடிக்கும் சனி, பிறகு மைக்கை விடவேயில்லை. ஒரு சினிமா நடிகனின் சிநேகம், அவன் தரும் கைக்கடிகாரம், அது திருட்டுப் பொருள், கந்துவட்டிக் கடன் என்று ஒவ்வொன்றாகக் கழுத்தை இறுக்கி, கடைசியில் அவனைப் போட்டி அரங்கத்துக்கே இழுத்துவந்துவிடுகிறது.

மாமெட் சும்மா கேள்விப்பட்டு எழுதியவர் இல்லை. ரெனாடோ மாக்னோ என்ற பிரேசில்காரரிடம் சில வருடங்கள் தாமே பயின்றவர். அது முதல் காட்சியிலேயே தெரிகிறது. ஜோவின் கழுத்து இன்னொருவன் பிடியில். மைக் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறான். மூச்சு விடு, அவசரப்படாதே, தப்பிக்க வழி எப்போதும் இருக்கிறது என்பதுதான் சாரம். மிரட்டல் இல்லை, உறுமல் இல்லை. மாணவன் மூளையைப் பயம் பிடுங்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அந்தக் குரலின் வேலை. அந்த வித்தையைக் கற்றுக்கொடுப்பது என்பது பெரும்பாலும் அதுதான்.

இன்னொரு காட்சி, லாராவுக்கு அவன் சொல்லித்தரும் பாடம். பலாத்காரத்துக்கு ஆளானவள் அவள். கத்தி காட்டி மிரட்டுகிறவனிடமிருந்து எப்படி வெளியே வருவது என்று மைக் கற்றுத்தருகிறான். சொற்பொழிவு கிடையாது, அனுதாப வசனம் கிடையாது. கையை இங்கே வை, உடம்பை இப்படித் திருப்பு, அவ்வளவுதான். காட்சி முடியும்போது அவள் முகத்தில் ஒரு மாற்றம். சும்மா சொல்லக்கூடாது, படத்தின் உச்சம் இதுதான். கடைசிச் சண்டை இதற்குக் கிட்டேகூட வரமுடியாது.

மைக்கின் பள்ளியில் கோலிக்குண்டு வழக்கம் ஒன்றும் உண்டு. பயிற்சி மோதலுக்கு முன்னால் கிண்ணத்திலிருந்து ஆளுக்கு ஒரு கோலி எடுக்கவேண்டும். கறுப்பு கோலி வந்தவன் ஏதாவது ஒரு பாதகத்தோடு மோதவேண்டும், உதாரணமாக ஒரு கையைக் கட்டிக்கொண்டு. கோலி மாமெட்டின் கற்பனை. ஆனால் விஷயம் நிஜம். நல்ல பள்ளிகளில் மோசமான நிலையிலிருந்தே பயிற்சியை ஆரம்பிக்கச் சொல்வார்கள். எதிராளி உன் மார்பில் ஏறி உட்கார்ந்துவிட்டான், இனி என்ன செய்வாய் என்று. இந்தக் கோலி யோசனையைத்தான் படத்தில் போட்டி நடத்தும் வியாபாரிகள் திருடி, டிவி தமாஷாக்கிவிடுகிறார்கள். போதாததற்கு ஒரு மந்திரவாதியை வைத்துக் கோலியை மாற்றிப்போட்டு முடிவையே விலைக்கு விற்கிறார்கள்.

இவ்வளவு தூரம் படம் ஜெயித்துவிட்டது. இனிமேல்தான் வம்பு.

படித்தது பி.காம். ஆகையால் எந்தப் படம் பார்த்தாலும் ஹீரோவின் வரவு செலவில் கண் போய்விடுகிறது. மைக்கின் பள்ளி நஷ்டத்தில் ஓடுகிறது. யார் காசில் என்றால், மனைவி சோண்ட்ராவின் துணி வியாபாரத்தில். அவள் ஓடியாடிச் சம்பாதிக்கிறாள், அவன் காசைத் தொடாத உத்தமனாக இருக்கிறான். பணம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கும் ஒரே குற்றத்துக்காக மாமெட் அவளை மெல்ல மெல்ல வில்லியாக்கி, கடைசியில் துரோகியாகவே நிறுத்திவிடுகிறார். இது அநியாயம். லட்சியவாதி வீட்டில் வாடகை கட்டுகிறவர் யார் என்று கேட்டாலே அவரைக் கெட்டவராக்குவது, கதாசிரியர்கள் காலம் காலமாகச் செய்துவரும் கள்ளக்கணக்கு. அவனது தூய்மை அவள் பேரேட்டில் செலவாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் படம் பார்க்கவே மறுக்கிறது.

அதைவிடப் பெரிய பாக்கி ஜோவிடம் இருக்கிறது. நேர்மையான போலீஸ்காரன், மைக்கின் அருமைச் சீடன். மைக் நல்ல எண்ணத்தில் கொடுத்த கடிகாரத்தை அடகு வைக்கப்போய்ச் சிக்கலில் மாட்டிக்கொள்கிறான். பள்ளிக்கு அவப்பெயர் வந்துவிடுமே என்று உயிரை விட்டுவிடுகிறான். எல்லாப் பிடியிலிருந்தும் தப்பிக்க வழி உண்டு என்று தினமும் சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் முதல் மாணவனுக்கு, ஒரு கைக்கடிகாரத்திலிருந்து தப்பிக்க வழி தெரியவில்லை. அப்படியானால் பாடத்தில் எங்கோ கோளாறு இருக்கிறது. மானம் உயிரைவிடப் பெரிது என்ற எண்ணத்தையும் அந்தப் பள்ளியின் காற்றில்தானே அவன் சுவாசித்தான்? மைக் கலங்குகிறான். ஜோவின் மனைவிக்கு ஏதாவது செய்யத் துடிக்கிறான். ஆனால், ‘நான் கற்றுக்கொடுத்ததில் என்ன பிழை?’ என்று தன்னை ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்வதில்லை. மாமெட்டும் அவனைக் கேட்பதில்லை. உலகம் கெட்டது, வாத்தியார் நல்லவர் என்று தீர்ப்பெழுதி ஃபைலை மூடிவிடுகிறார்.

போட்டியே வேண்டாம் என்கிற சித்தாந்தத்தின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. ஒரு வாத்தியாரின் பாடம் சரியா என்று அவருடைய நான்கு சுவருக்குள் யாராலும் சொல்லமுடியாது. அங்கே அவர் சொல்வதே சட்டம். வெளியாள் ஒருவன் வந்து மோதினால்தான் பொத்தல் தெரியும்.

ஜியு-ஜிட்சுவின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1951 அக்டோபரில் ரியோவின் மரக்கானா மைதானத்தில், கார்லோஸின் தம்பி ஹீலியோ கிரேஸி ஜப்பானின் மாசாஹிகோ கிமுராவோடு மோதினார். கிமுரா அவர் கையை முறுக்கினார். எலும்பு முறிந்தது. ஹீலியோ தட்டவில்லை, கார்லோஸ்தான் சண்டையை நிறுத்தினார். நமக்கு வேண்டியது அதற்கப்புறம் நடந்தது. அந்தப் பிடிக்குப் பிரேசில்காரர்கள் ‘கிமுரா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கு உலகத்தின் எந்த மூலையில் ஜியு-ஜிட்சு வகுப்பில் சேர்ந்தாலும் கொஞ்ச நாளில் அதைக் கற்றுத்தருவார்கள். தங்களைத் தோற்கடித்தவன் பெயரையே பாடத்தில் சேர்த்துக்கொண்ட குடும்பம் அது.

1955ல் அதைவிட விசேஷம். ஹீலியோவுக்கு வயது 41. எதிரே வால்டெமார் சன்டானா, அவரிடமே பயின்ற பழைய மாணவர். மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் நடந்த சண்டையில் வாத்தியார் தோற்றார். குடும்ப கௌரவத்தைக் காப்பாற்ற அடுத்த தலைமுறையிலிருந்து கார்ல்சன் கிரேஸி கிளம்பிவந்து 1956ல் சன்டானாவை வென்றார். அதே கார்ல்சன் பின்னால் தனிப் பள்ளி வைத்துப் போட்டி வீரர்களை வரிசையாக உருவாக்கினார். 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியும் இந்தக் குடும்பத்து யோசனைதான். ஹீலியோவின் மூத்த மகன் ரோரியன் அதன் சூத்திரதாரிகளில் ஒருவர். தம்பி ராய்ஸ் ஒரே ராத்திரியில் மூன்று பேரைத் தோற்கடித்து 50,000 டாலர் வாங்கினார். பச்சையாகச் சொன்னால் விளம்பரம். ஆனால் அந்த விளம்பரம் இல்லாவிட்டால் மைக் டெர்ரிக்கு லாஸ் ஏஞ்சலீஸில் பள்ளி ஏது, மாணவர் ஏது, மாமெட்டுக்குத்தான் படம் ஏது?

மைக் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். போட்டி வித்தையைக் கோணலாக்கும், உண்மைதான். இன்றைய ஜியு-ஜிட்சு போட்டிகளில் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. எதிராளியைக் கீழே தள்ளினால் 2, அவர் கால்களைத் தாண்டிப்போனால் 3, மேலே ஏறி உட்கார்ந்தால் 4. முன்னிலை பெற்றவர் அதன்பிறகு சும்மா கட்டிப்பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். சில சமயம் மணி அடித்ததும் இரண்டு பேருமே தரையில் உட்கார்ந்துவிடுவார்கள், படுத்துச் சண்டை போடுவது சௌகரியம் என்று. தெருவில் அப்படி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பரீட்சைக்காகவே படித்தால் படிப்பு என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும்.

அதற்காகப் பரீட்சையே வேண்டாம் என்றால் எப்படி? நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஜான் டேனஹர் என்று ஒருவர். நியூசிலாந்துக்காரர். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கப்போன இடத்தில் இந்த வித்தைக்குள் விழுந்தார். காலில் கோளாறு, போட்டியில் பெயர் வாங்கியவர் இல்லை. ஆனால் அவரிடம் பயின்ற கார்டன் ரையன் 2017 தொடங்கி அபுதாபி பெயரில் நடக்கும் ஏ.டி.சி.சி. போட்டிகளில் திரும்பத் திரும்பப் பட்டம் வென்றார். வாத்தியார் மோதவில்லை, அவருடைய பாடம் மோதியது. மாணவன் எங்கே மாட்டிக்கொண்டானோ, அங்கிருந்து மறுநாள் வகுப்பு தொடங்கும். தன் பாடத்தை வெளியே அனுப்பிச் சோதிக்கத் தயாராயிருப்பதுதான் முக்கியம். யார் உடம்பு மோதுகிறது என்பதில் என்ன இருக்கிறது?

கடைசியில் மாமெட்டுக்கே தன் சித்தாந்தத்தில் நம்பிக்கை போய்விட்டது என்று தோன்றுகிறது. மோசடி தெரிந்து வெளியேறும் மைக் திரும்பி வந்து மோதுகிறான். வளையத்துக்குள் இல்லை, வெளியே, அரங்கத்து நடைபாதையில். ஆகவே இது போட்டி இல்லையாம். ஆனால் கேமரா திரும்புகிறது, கூட்டம் எழுந்து நிற்கிறது, ஜப்பானிய வீரர் தம் பெல்ட்டைத் தருகிறார், முதிய குரு சிவப்பு பெல்ட்டைத் தருகிறார். கூட்டமும் கேமராவும் பரிசும் இருக்கிற இடத்துக்குப் போட்டி என்றுதான் பெயர். இத்தனை நேரம் எதைக் கேவலம் என்று சொன்னாரோ, அதன் கைதட்டல் இல்லாமல் அவரால் ஹீரோவை வீட்டுக்கு அனுப்பமுடியவில்லை.

இன்னொரு சில்லறைக் கணக்கு. நிஜத்தில் சிவப்பு பெல்ட் என்பது கறுப்பு பெல்ட் வாங்கி குறைந்தது 48 வருடம் கழித்து வருவது. 19 வயதில் கறுப்பு வாங்கினாலும் 67 ஆகிவிடும். ஒரு ஆயுள் முழுக்க வித்தையை விடாமல் பிடித்திருந்ததற்குக் கிடைக்கும் மரியாதை. அதை ஒரு ராத்திரிச் சண்டைக்குப் பரிசாகக் கொடுத்தது, வாத்தியார் தொழிலை உயர்த்த எடுத்த படத்தில் அந்தத் தொழிலுக்குச் செய்த அவமரியாதை. அதே குருவாக டான் இனோசான்டோ நடித்திருக்கிறார் என்பதுதான் வேடிக்கை. புரூஸ் லீயின் சிநேகிதர். வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொடுத்தே பெயர் வாங்கிய மனிதர்.

இருந்தாலும் ரெட்பெல்ட்டைப் பாருங்கள். எஜியோஃபோரின் அந்தக் குரலுக்காக, லாராவின் பாடத்துக்காகப் பாருங்கள். பார்த்துவிட்டு, உங்கள் பெண்ணையோ பையனையோ ஏதாவது சண்டை வகுப்பில் சேர்க்கப்போகிறீர்கள் என்றால், வாத்தியாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் பிள்ளைகள் கடைசியாக எப்போது வெளியாளிடம் தோற்றார்கள், அதற்கப்புறம் பாடத்தில் எதை மாற்றினீர்கள்? பதில் உடனே வந்தால் பணத்தைக் கட்டலாம். அவருடைய பெல்ட் என்ன கலர் என்பதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.